மூணு நடை

தலைவலி என்று யாராவது சொன்னால் மிஸ்ஸி முதலில் கேட்பது, "எந்தப் பக்கம்?" என்றுதான். வலது பக்கம் என்றால் சரி, அதோடு விட்டுவிடுவார். அரை மணி நேரம் கழித்து, நீங்கள் வேறு ஏதோ கதையில் மூழ்கியிருக்கும்போது சட்டென்று திரும்பி, "இப்ப எந்தப் பக்கம்?" என்பார். ஒரு நொடி யோசித்தீர்களோ, தொலைந்தீர்கள்.

மிஸ்ஸி என்பது அவர் பெயரில்லை. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லோருமே மிஸ்ஸிதான். இவர் பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தெட்டு வருஷம் மருத்துவிச்சியாக இருந்துவிட்டு, பதுளையில் எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்கால் வலி உண்டு. அதைப் பற்றி மட்டும் யாரும் "எந்தப் பக்கம்?" என்று கேட்கக்கூடாது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும் வரை டைப்ரைட்டிங், ஆங்கிலம், தையல் என்று மூன்று வகுப்புகளை ஒரே வாரத்தில் தொடங்கி, தையலை அடுத்த வாரமே விட்டிருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்காது. மிஸ்ஸி வீட்டில் மட்டும் நின்றது. காரணம், அங்கே நாள்தோறும் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார்.

செருப்புத் தைக்கிறவரைத் தேர்ந்தெடுத்த கதையைக் கேளுங்கள். நல்ல செருப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பஜாரில் வரிசையாக ஒவ்வொருவரிடமும் போனார். "வார் விட்டுப்போச்சு, தைச்சுக் குடுங்க." முதல் ஆள் வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னார். இரண்டாவது ஆள் ஊசியையே எடுத்துவிட்டார். மூன்றாவது ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு, உங்களுக்குக் கண்ணுல கோளாறா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர்தான் மிஸ்ஸியின் ஆள். எங்கள் தெரு முழுவதையும் அவரிடம் அனுப்பினார்.

எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மா, "ஒரு செருப்புக்கு இவ்வளவு பாடா?" என்றாள்.

அந்த அம்மாவுக்கே ஒருநாள் பல்வலி. மிஸ்ஸி ஒரு கற்கண்டுத் துண்டை எடுத்து நீட்டினார். "கடி." அம்மா கடித்தாள். போட்ட கூச்சலில் கூரையிலிருந்த காகம் பறந்துபோனது. "ம், நிஜம்தான்," என்று மிஸ்ஸி உடனே குடையை எடுத்தார். அம்மாவைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அந்த முழங்காலோடு நாலு மணி நேரம் வரிசையில் நின்று, பல்லைப் பிடுங்க வைத்து, வீடு வரைக்கும் தாங்கிக்கொண்டு வந்தார். மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அப்படிப்பட்ட மனுஷி. நம்பிவிட்டாரென்றால் உயிரைக் கொடுப்பார். நம்ப வைப்பதற்குள் நம் உயிர் போய்விடும்.

*

இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் தாயான ஒன்று தோட்டத்தில் இருந்தது. அதற்குப் பெயர் மூணு நடை.

வலி வந்துவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்து யார் வந்தாலும், கட்டிலில் படுக்க விடமாட்டாராம். பிரசவ அறை வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அது ஒரு நடை. அப்படி மூன்று. மிஸ்ஸி கதிரையில் உட்கார்ந்து, சட்டையில் குத்தியிருக்கும் மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். தலைகீழாகத் தொங்கும் சின்ன வெள்ளி மணிக்கூடு அது, போட்டிருக்கிறவருக்கு மட்டும் நேராகத் தெரியும்.

"பொய் வலின்னா நடக்க நடக்க அடங்கும். நிஜ வலின்னா நடக்க நடக்க ஏறும்," என்பார். "வயித்துல கையே வைக்க வேணாம். நடையைப் பாத்தாப் போதும். இருபத்தெட்டு வருஷத்துல ஒருத்தி என்னை ஏமாத்தினது கிடையாது."

பெரிய கங்காணியின் மருமகள் வந்தாலும் மூணு நடைதான். கங்காணி கோழி அனுப்பினார். கோழியையும் தொட்டி வரைக்கும் நடக்கவிட்டுத் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார். கொட்டுகிற மழையில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மலையுச்சி லயத்துக்குத் தானே ஏறிப்போய்ப் பிள்ளை எடுத்த கதைகளும் உண்டு. அவற்றை அவர் சொல்லமாட்டார். தோட்டத்திலிருந்து பார்க்க வருகிறவர்கள் சொல்லுவார்கள். வந்தவர்களில் பலர் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் முன்னால் உட்காரவே மாட்டார்கள்.

ஒருநாள் சாயந்தரம் அம்மாவும் நானும் அங்கே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது:

"ஒருத்தி வந்தா. ஏழு மாசம்தான். வலி வலின்னு புரள்றா. நட்ட நடுவுல, மூணாவது நடையில, வலியை மறந்துட்டுத் தொட்டியில முகம் கழுவுறா. பிடிச்சுட்டேன். புருஷன் அடிக்கிறான்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்க வந்திருக்கா."

"அப்புறம்?" என்று நான் முன்னால் நகர்ந்தேன்.

"அப்புறம் என்ன? லயத்துக்குப் போடின்னுட்டேன். அடுத்த வாரம் கை ஒடிஞ்சு வந்தா."

"ஐயோ!"

"ஒடிஞ்ச கை என் டிப்பார்ட்மென்ட் இல்ல. டிஸ்பென்சர் ஐயாகிட்ட அனுப்பினேன்."

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள். எங்கள் அடுப்பில் அன்றைக்கு ஒன்றுமில்லை.

*

மிஸ்ஸியின் தம்பி பொத்துவில்லில் ரோட்டு ஓவர்சியராக இருந்தவர். கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டி வைத்துவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வீடு அக்காவுக்கு வந்தது. நாலு அறை, முன்பக்கம் அகலமான விறாந்தை, பின்பக்கம் வேலையாட்கள் தங்க ஒரு சின்னக் காம்பரா, ஒரு கிணறு. எழுபதுகளின் முடிவு அது. நீளப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு, அலையில் ஏறி நிற்பதற்காகவே வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்தக் கரைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். வெயில் சீசனில் அறைக்கு அடிபிடி. ஆனால் பதுளையில் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் மிஸ்ஸி அங்கே போய் வீட்டை எப்படி வாடகைக்கு விடுவார்? பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். விருந்தாளி பிடிக்க, சாவி கொடுக்க, விரிப்பு மாற்ற, கிணறு உப்பாகாமல் பார்க்க.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கடலையே பார்த்ததில்லை. பேப்பருக்கு விளம்பரம் எழுதினேன். வந்த கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் டைப் அடித்தேன். இரண்டு பக்கத்தில் ஒரு கேள்வித்தாள்கூடத் தயாரித்தேன். விருந்தாளிக்கு வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள்? மின்சாரம் நின்றால்?

மிஸ்ஸி அதை முழுக்க வாசித்துவிட்டு, மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தார்.

"இதுக்கெல்லாம் பொய் எழுதத்தானேடி பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கிறாங்க. எல்லாரும் மூணு நடை வரட்டும்."

அதாவது, ஆசைப்படுகிறவர்கள் நேரில் பதுளைக்கு மூன்று தடவை வர வேண்டும், அவர் சொல்கிற நாளில், சொல்கிற நேரத்துக்கு. மூன்று தடவை என்பது அவர்களுக்குத் தெரியாது. முதல் தடவை ஒரு டீ. இரண்டாவது தடவை டீயும் கிடையாது. புலம்பாமல், பூசி மெழுகாமல் யார் மூன்றாவது தடவை வந்து நிற்கிறாரோ, அவருக்கு நிஜமான வலி. அவருக்குத்தான் சாவி.

கடிதம் போட்டவர்களில் பாதிப் பேர் முதல் தடவையே வரவில்லை. மிச்சப் பேர் இரண்டாவதில் உதிர்ந்தார்கள். பஜார் துணிக்கடை முதலாளி நன்றாகத்தான் தொடங்கினார். அவருடைய மச்சான் பொத்துவில்லிலேயே இருந்தார். இரண்டாவது தடவை வந்தபோது மிஸ்ஸி, "யோசிச்சுச் சொல்றேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வாங்க," என்றார்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இருக்கே அம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடியே எழுந்தார். "அம்மா, நீங்க வீட்டுக்கு ஆள் தேடல்ல, மாப்பிள்ளை தேடுறீங்க. எனக்கு வீட்டில ஒருத்தி இருக்கா." போய்விட்டார். அடுத்த பெருநாளைக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் வட்டிலப்பம் அனுப்பினார். மிஸ்ஸி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, "சக்கரை கூடிப்போச்சு," என்றார்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒருவர் பண்டாரவளைக் கம்பெனிக்காரர். டை கட்டியிருப்பார், மொரிஸ் மைனர் காரில் வருவார். கொழும்புக்காரர்களுக்குப் பழைய துரைமார் பங்களாக்களை லீவுக்கு வாடகைக்கு விடுகிற தொழில். ரோஜாச் செடி நிற்கிற பங்களாப் படங்களை ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார். சொன்ன நிமிஷத்துக்கு வந்தார், டீ இல்லாவிட்டாலும் சிரித்தார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் டைப் அடித்த கடிதத்தில் ஒரு பிழையைச் சிவப்புப் பேனையால் சுழித்துக்கொண்டு வந்து, "சின்ன மிஸ்டேக் மிஸ்," என்று எல்லோர் முன்னாலும் காட்டினார். இன்னொரு காரணமும் உண்டு.

"ஒண்ணு மட்டும் மெடம்," என்றார் இரண்டாவது தடவையில். "பின்காம்பராவில ஒரு குடும்பம் இருக்கில்லையா? அவங்களை எடுத்திடணும். விருந்தாளிங்க வர்ற இடத்தில கொடியில சேலை காயக் கூடாது."

அந்தக் குடும்பம்தான் இரண்டாவது ஆள். ராமையா, பார்வதி. மிஸ்ஸி வேலை பார்த்த அதே தோட்டம். மாவுக்கும் அரிசிக்கும் தோட்டமே பட்டினி கிடந்த வருஷங்களில் மொனராகலைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து கடல் வரைக்கும் போனவர்கள். ஓவர்சியர்தான் அவர்களைக் காவலுக்கென்று பின்காம்பராவில் வைத்தார். ராமையா முதல் தடவை வரும்போது ஒரு பொதி கருவாடு கொண்டுவந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றான்.

"வீட்டை நாங்களே பாத்துக்கிறோங்க மிஸ்ஸி. வெள்ளைக்காரப் பாஷை கொஞ்சம் வருது."

"எங்க, பேசு."

"நோ வாட்டர், நோ பிராப்ளம். டுமாரோ பிஷ்."

நான் சிரித்தேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"குடுக்காட்டியும் பரவால்லீங்க," என்றான் ராமையா. "அந்தப் பின்காம்பராவை மட்டும் விட்டு வைங்க. தோட்டத்து ஆள் கணக்குல பேரு வெட்டியாச்சு. போறதுக்கு இடம் கிடையாது. பார்வதி உங்க கையில பொறந்தவதாங்க."

"என் கையில பொறந்தது ஆயிரம் பேரு. எல்லாருக்கும் வீடு குடுக்கவா? போயிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வா."

ஆறு மணி நேர பஸ் அது. மொனராகலையில் மாறி, பிபிலை, லுணுகலை, பசறை என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். அடுத்த வெள்ளியும் வந்தான். தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டடியில் ஓடிப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணன், இன்னும் ஒரே ஒரு தடவைதான். மூணாவது தடவை மட்டும் எப்படியாவது வந்திடுங்க. எது நடந்தாலும் வந்திடுங்க," என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

*

மூன்றாவது தடவைக்கு இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார் மிஸ்ஸி. ராமையாவை மதியத்துக்கு, கம்பெனிக்காரரை ஒரு மணிக்கு. "ஒண்ணா வெச்சுப் பாப்போம்."

கேட்டைத் திறந்துகொண்டு வந்தது ராமையா இல்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒரு துணிப்பையோடு பார்வதியக்கா. அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. வயிற்றைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அவரு வர முடியல்லீங்க," என்றாள். "தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பையனுக்குக் கல்லுல அடிபட்டுக் கால் கிழிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. மூணாவது தடவை தவறக் கூடாதுன்னு நான் வந்தேன்."

"மூணாவதுன்னு யாரு சொன்னா?"

மிஸ்ஸியின் குரல் ஊசி மாதிரி இருந்தது. பார்வதியக்காவின் கண் ஒரு இமைப்பொழுது என் மேல் பட்டு விலகியது.

"அவரு ரெண்டு தடவை வந்தாரு. இது மூணாவது. எண்ணத் தெரியுங்க மிஸ்ஸி."

மிஸ்ஸி அவளை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை மாசம்?"

"எட்டு முடியுது."

"அவன் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கல்லீங்களே."

"வாய் நீளம். ஏன் இடுப்பைப் பிடிக்கிற?"

"பசறை தாண்டினதிலிருந்து கொஞ்சம் இழுக்குது. பஸ்ஸு குலுக்கினது."

மிஸ்ஸி சாய்ந்து உட்கார்ந்தார். "இந்தா பாரு. சீசன் நேரத்துல நீ பெத்துட்டு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா, அங்க விரிப்பு மாத்துறது யாரு? சமைக்கிறது யாரு? நிஜ வலின்னா சொல்லிடு, இப்பவே பதுளை ஆஸ்பத்திரியில சேத்து விடுறேன். வீட்டை அந்தக் கம்பெனிக்காரருக்குக் குடுத்துடுறேன். பொய் வலின்னா பேசலாம்."

"பொய் வலிதாங்க."

"அதை நீ சொல்லக் கூடாது. நட."

எங்கள் தெருமுனைக் குழாய் வரைக்கும் போய்த் திரும்புவது ஒரு நடை என்று ஏற்பாடு. முழங்கால் வலியால் மிஸ்ஸி விறாந்தையை விட்டு இறங்கவில்லை. சட்டையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து, கேட்டடியில் நிறுத்தினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த மணிக்கூட்டை அவர் யாரையும் தொடவிட்டதில்லை.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரு தெரியும், குழாய் தெரியும். கேட்டுக்கு வெளியே, எனக்குப் பக்கத்தில், செவ்வரத்தை வேலி மறைக்கிற ஒரு துண்டு மட்டும் தெரியாது. அந்தத் துண்டுக்கு வந்ததும் பார்வதியக்கா நின்றாள். வேலிக் கம்பைப் பிடித்துக் குனிந்தாள். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பிறகு நிமிர்ந்து, முகத்தைத் துடைத்து, வேலி முடியும் இடத்தில் நேராக நடந்து போனாள்.

இரண்டாவது நடையிலும் அதே இடத்துக்கு ஓடாத குறையாக வந்து நின்றாள். மணிக்கூட்டைப் பார்த்தேன். முதல் தடவை நின்றதிலிருந்து ஏழு நிமிஷம்.

"தங்கச்சி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரத்தில்தான் மொரிஸ் மைனர் வந்து நின்றது. கம்பெனிக்காரர் இறங்கினார். அவளைப் பார்த்தார். என்னையும் என் கையிலிருந்த மணிக்கூட்டையும் பார்த்தார். விறாந்தைக்குப் போய், ஃபைலைக் கதிரையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

"மெடம், அந்தப் பொம்பளைக்கு முடியல்ல. முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆஸ்பத்திரி பக்கத்திலதான். நான் கார்ல கொண்டுபோய் விடுறேன். நம்ம விஷயம் பிறகு பேசலாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்ன கெட்டிக்காரத்தனம்! மூன்றாவது நடை முடிவதற்குள் அவளைக் காரில் ஏற்றிவிட்டால் சாவி யாருக்கு? சிவப்புப் பேனைக்காரர் எதையும் சும்மா செய்வாரா? கேட்டிலிருந்து கத்தினேன்.

"வேணாம் சேர்! அவங்களுக்கு ஒண்ணுமில்ல. நான் பக்கத்திலதானே நிக்கிறேன். பஸ்ல வந்த களைப்பு."

மிஸ்ஸி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் யாரையும் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. "பாத்தீங்களா சேர்? இந்தப் பிள்ளைக்கே தெரியுது."

மூன்றாவது நடை. செவ்வரத்தை வேலி. மறுபடியும் ஏழு நிமிஷம். இந்தத் தடவை அவள் கம்பைப் பிடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். விட்டபோது நாலு விரலும் பதிந்திருந்தது. நான் கணக்கில் கெட்டிக்காரி. ஏழும் ஏழும் எதைச் சொல்கிறதென்று தெரியாமல் நிற்கவில்லை. நான் அவள் பக்கம். அவள் ஜெயிக்க வேண்டும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

விறாந்தைக்குப் போய் நின்றாள்.

"இப்ப எப்படி?" என்றார் மிஸ்ஸி.

"நின்னுருச்சுங்க."

"இருபத்தெட்டு வருஷம்," என்றார் மிஸ்ஸி கம்பெனிக்காரரைப் பார்த்து. மடியிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துப் பார்வதியக்காவின் கையில் வைத்தார். "கருவாடு நாத்தம் முன்பக்கம் வரக் கூடாது. போ."

கம்பெனிக்காரர் ஃபைலை எடுத்துக்கொண்டார். "பஸ் ஸ்டாண்ட் வரைக்குமாவது கார்ல வாம்மா," என்றார் அவளிடம். அவள் என்னைப் பார்த்தாள். நான் மெல்லத் தலையசைத்து வேண்டாமென்றேன். நடந்தே போனாள். பஸ் ஸ்டாண்டில் நான்தான் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகச் சாவியை ஆட்டிக் காட்டினாள்.

திரும்பி வந்ததும் மணிக்கூட்டை நீட்டினேன். "வெச்சுக்க," என்றார் மிஸ்ஸி. "நல்லா நேரம் பாத்தே."

*

நாலாம் நாள் கடிதம் வந்தது. ராமையா யாரிடமோ சொல்லி எழுத வைத்தது. மிஸ்ஸி கண்ணாடியைத் தேடாமல் என்னை வாசிக்கச் சொன்னார்.

அன்புள்ள மிஸ்ஸி அவர்களுக்கு. பஸ் லுணுகலை தாண்டியதும் பார்வதிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. அழவில்லை. டிரைவர் எங்கும் நிறுத்தாமல் பிபிலை ஆஸ்பத்திரிக்கு விட்டார். பார்வதியைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையை அங்கேயே அடக்கம் செய்தோம். சாவி பத்திரமாக இருக்கிறது. கால் கிழிந்த விருந்தாளிக்கும் சுகம். நாளையிலிருந்து இன்னும் இருவர் வருகிறார்கள்.

"இன்னொரு தரம் வாசி."

வாசித்தேன். மிஸ்ஸி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த ரோடு பூரா குழி," என்றார். "பஸ்ஸு குலுக்கியிருக்கும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. ஒன்று மட்டும் மாறியது. கொஞ்ச நாள் கழித்து அம்மா தலைவலி என்றாள். மிஸ்ஸி எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. உடனே எழுந்து போய்த் தைலம் எடுத்து வந்தார். பழைய ரொட்டியைப் புதிது என்று விற்றவனிடம் பேசாமல் வாங்கிக்கொண்டார். எங்களுக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு அதற்கப்புறம் தலைவலி வந்தாலும் அவரிடம் சொல்வதில்லை.

*

அடுத்த சீசனில் மிஸ்ஸி வீட்டைப் பார்க்கப் போகவேண்டும் என்றார். துணைக்கு நான். லுணுகலை தாண்டியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிபிலை வரும் வரை திறக்கவில்லை. நான் கடலைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பார்த்தேன். பெரிதாகத்தான் இருந்தது.

வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு அறையிலும் ஆள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கொடி பின்பக்கம் போயிருந்தது, ஒரு சேலை வெளியே தெரியவில்லை. கருவாட்டு மணம் இல்லை. விருந்தாளிகள் ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் குறிப்புகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எந்தக் கம்பெனி எடுத்திருந்தாலும் இப்படிப் பார்த்திருக்காது. மிஸ்ஸியின் தேர்வு தப்பவில்லை.

பார்வதியக்கா விறாந்தைக்கு இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா தங்கச்சி?" என்றாள். திரும்பிப் போகப் போனவளை மிஸ்ஸி கூப்பிட்டார்.

"பார்வதி. அன்னைக்கு உனக்கு வந்தது நிஜ வலிதானே?"

பார்வதியக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இல்லீங்க மிஸ்ஸி. பொய் வலிதாங்க. நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

"நான் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே. தங்கச்சிதான் பக்கத்துல நின்னாங்க. அவங்களைக் கேளுங்க."

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "சொல்லுடி. வேலிக்குப் பின்னால நின்னாளா? எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா?"

பார்வதியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் போல ஒரு இமைப்பொழுது அல்ல, நெடுநேரம்.

"நிக்கவே இல்ல மிஸ்ஸி," என்றேன். "பொய் வலிதான்."

மிஸ்ஸி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீயை எடுத்தவர் குடிக்காமல் வைத்தார். "ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க," என்றார்.

பார்வதியக்காவின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. விருந்தாளிக்கு இன்னொரு தலையணை வேண்டுமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நம்பிக்கை இல்லீங்களா மிஸ்ஸி? கேட் வரைக்கும் நடந்து காட்டட்டுங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியிறங்கி, மணலில் ஒரே சீரான அடியெடுத்து வைத்துக் கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். மிஸ்ஸி கதிரையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கை தன்னாலே சட்டைக்குப் போய், அங்கே குத்தியிருந்த அந்த மணிக்கூட்டைத் திருப்பியது.